சேற்றுச் சனத்தின் ஷாமனுக்கு எந்த விதி?

மகன், போன வெள்ளிக்கிழமை தோஹாவில் இருந்து நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன். உன் உம்மா பக்கத்தில் இருந்து, "பெடியன் விளையாட்டுக் கதை கேக்கிறான், அதுக்கும் யோசனையோ?" என்றாள். ஆனால் அது விளையாட்டுக் கதை மட்டும் அல்ல என்பது அவளுக்கும் தெரியும். உன் அறையில் இருக்கும் பையன்களோடு சேர்ந்து அங்கேயும் அந்த ஆட்டத்தைத் தொடங்கப் போகிறாய் என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம். கேரளத்துப் பையன் ஒருவன், பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன், நேபாளத்துப் பையன் ஒருவன் என்றாய். அரக்கர் கூட்டத்து ஷாமனுக்கு ஆட்டப் புத்தகத்தில் உள்ள விதியையே வைப்போம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள், நேபாளத்துப் பையன் ஒன்றும் பேசவில்லை, என்ன செய்ய வாப்பா என்று கேட்டாய். தொலைபேசியில் இதைச் சொன்னால் பாதியில் நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு இங்கே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது முழங்கால் நோவால். கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் கால்பந்துக்கு விசில் ஊதிக்கொண்டுதான் இருந்தேன். பந்தோடு ஓட முடியாத நடுவர் மைதானத்தில் நிற்பதில் அர்த்தமில்லை என்று தெரிந்த நாளில் அதையும் விட்டேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, முன்னறைக் கதிரையில் காலை நீட்டி உட்காருவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அதே முன்னறையில்தான் நீயும் அன்ரனும் கஜனும் மேசை போட்டு விளையாடுவீர்கள். பலகை இல்லை, சீட்டு இல்லை. பல முகங்கள் கொண்ட பகடைகளும் பென்சிலும்தான். நீ ஒரு ஊரைச் சொல்வாய், அவர்கள் இருவரும் அந்த ஊருக்குள் ஆட்களாய் நடப்பார்கள். அன்ரன் ஒரு வாள்வீரன், கஜன் ஒரு வில்லாளி. பெரியகடைப் பக்கம் மீன் வாடியில் கணக்குப் பார்க்கிற அன்ரன், நம் வீட்டு மேசையில் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீரர்களோடு சண்டை பிடிக்கும் அரக்கர்களை ஓட்டுபவனும் நீ, யாருடைய அடி பட்டது என்று தீர்ப்புச் சொல்பவனும் நீ. "எதிரணியும் நீ, நடுவரும் நீயோ?" என்று ஒரு நாள் கேட்டேன். மூவரும் சிரித்தீர்கள். "அப்பிடித்தான் வாப்பா. நான் வெல்றதுக்கு விளையாடுறேல்ல. கதை நல்லா வரோணும், அதுக்குத்தான்" என்றாய். வெல்வதற்கு விளையாடாத ஒரு எதிரணியை நான் அதுவரை கண்டதில்லை. அந்த ஆவலில்தான் கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டேன். உன் உம்மா கதவடியில் நின்று, "இது சூனியம் கீனியம் இல்லையே?" என்று கேட்டாள். "இல்ல, முழுக்கக் கணக்கு" என்றேன். கணக்கு என்றால் அவளுக்குப் பயமில்லை. அடுத்த கிழமையில் இருந்து பிளேன்ரீ கொண்டுவரும் சாட்டில் அவளும் நின்று கேட்கத் தொடங்கினாள்.

மன்னார்ப் பாலத்தின் இரு பக்கமும் வற்றிக் கிடக்கும் சேற்றைப் பார்த்துத்தான் நீ அந்தச் சேற்றுச் சனத்தை உண்டாக்கினாய் என்று நினைக்கிறேன். உடம்பெல்லாம் சேறு பூசிய, நீண்ட கை உடைய அரக்கர்கள். கரையூர் என்ற ஊராரின் தோணிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவற்றை மீட்க வீரர்கள் போகவேண்டும் என்பது கதை. அந்தச் சனத்துக்கு ஒரு ஷாமன் இருக்கிறான் என்றாய். ஷாமன் என்றால் என்ன என்று நான் கேட்க, ஆவிகளோடு கதைத்து, தன் கூட்டத்துக்கு மருந்தும் மந்திரமும் குறியும் சொல்லுகிற ஆள் என்று விளங்கப்படுத்தினாய். அவனுக்கு என்ன விதி வைப்பது என்பதில்தான் வாக்குவாதம் தொடங்கியது.

ஆட்டப் புத்தகம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, அரக்கரின் ஷாமனுக்கு ஒரு கைப்பிடி மந்திரங்களை மட்டும் கொடுத்து, பலத்தில் மூன்றாம் படிக்கு மேல் அவன் எந்தக் காலத்திலும் ஏற முடியாது என்று கூரை போட்டுவிடுவது. மற்றது, வீரர் பக்கத்துக் குருமாருக்கு என்ன விதியோ அதையே அவனுக்கும் கொடுப்பது. காலையில் வேண்டுவான், மந்திரம் கிடைக்கும், ஏற ஏற ஏறலாம். அன்ரனுக்குக் கூரை வேண்டும். "மச்சான், அரக்கனெண்டா அரக்கன். அவனும் எங்களைப்போல வளந்தா நாங்கள் எப்ப வெல்றது?" கஜன் மாட்டேன் என்றான். "ஏன் அவைக்கு மட்டும் மூண்டாம் படி? ஆர் சொன்னது?" எப்போதும் மெல்லப் பேசும் பையன் அன்று குரலை உயர்த்தினதை நான் கவனித்தேன். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

உன் உம்மாதான் நடுவில் வந்து, "அந்தக் கைப்பிடி மந்திரம் எண்டியளே, அதில என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள். நீ வாசித்தாய். நெருப்பு எறிவது, கண்ணைக் கட்டுவது, பயம் காட்டுவது, பாம்பை ஏவுவது. "அப்ப அந்தச் சனத்துக்குக் காய்ச்சல் வந்தா ஆரிட்டப் போறது?" என்றாள். நீ பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாய். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் ஷாமனை வீரர்கள் கதவை உடைத்து உள்ளே வரும் நேரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். வீரர்கள் வராத நாட்களில் அவன் என்ன செய்வான் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. அன்றில் இருந்து அந்த ஷாமன் என் தலைக்குள் வந்து குந்திவிட்டான். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில்கூட அவனை நினைத்திருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் பக்கத்தில் இருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். விதியை ஒரு முடிவுக்குக் கொண்டுவராமலே நீ ஆட்டத்தைத் தொடங்கினாய். ஷாமன் முதல் தடவையாக வெளியே வரும் கட்டம். நீ எழும்பி நின்றாய். தலைமயிரைக் குலைத்தாய். கண்ணை மேலே சொருகினாய். உடம்பை உதறி, கையை விசுக்கி, நாக்கைக் கடித்து, "ஹூ ஹூ" என்று மேசையைச் சுற்றி ஆடினாய். நன்றாகத்தான் ஆடினாய் மகன். அன்ரன் கதிரையோடு பின்னுக்கு விழப் பார்த்தான். நானும் கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தேன். கஜன் தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். "நான் வாறன்" என்றான். "என்னடா, இப்பத்தானே தொடங்கினது?" என்று நீ கேட்டாய். "வயல்ல வேலை கிடக்கு" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அவனுடைய ஊருக்குப் போகும் அடம்பன் பஸ் வருவதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது.

அவன் அடுத்த கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. நீ அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அன்ரன்தான் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான்: கட்டுக்கரைப் பக்கத்து வைரவர் கோவில் பொங்கலில் கலையாடுவது கஜனுடைய அப்பா. சாமி உடம்பில் இறங்க, உடுக்குச் சத்தத்துக்கு ஆடி, சனத்துக்குக் குறி சொல்லுகிறவர். பாடசாலையில் படிக்கும்போது பையன்கள் அவனுக்குப் பின்னால் நின்று அப்படி ஆடிக் காட்டுவார்களாம். நீ கதிரையில் இருந்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாய். "எனக்குத் தெரியாது வாப்பா" என்றாய். எனக்கும்தான் தெரியாது. இத்தனை வருடம் நம் வீட்டில் சோறு தின்ற பிள்ளையிடம், உன் அப்பா என்ன செய்கிறவர் என்று கேட்டிருக்கிறேன். கமம், வயல் வேலை என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தோஹாவுக்கு விசா வந்துவிட்டது, போகும் நாள் நெருங்குகிறது, நீ சோறு சரியாகத் தின்னவில்லை. மன்னிப்புக் கேட்கப் போவதற்கு உனக்குக் கால் எழவில்லை. அதற்குப் பதிலாக விதியைச் சரிசெய்யப் பார்த்தாய். விதி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாய் போல. இந்தப் பழக்கம் என்னிடம் இருந்து வந்ததுதான். ஒரு நாள் பின்னேரம் நீயும் அன்ரனும் என்னை மேசையில் இருத்தி, "வாப்பா, ஷாமனை நீங்க விளையாடுங்க. ரெண்டு விதியையும் பாத்திடுவம்" என்றீர்கள். கூரை போட்ட விதியில் முதலில் விளையாடினேன். நெருப்பை எறிந்தேன், பாம்பை விட்டேன். அவ்வளவுதான், கை காலியாகிவிட்டது. மிச்ச நேரம் முழுக்க, மாற்று ஆளாய் இருத்தப்பட்ட விளையாட்டுக்காரனைப்போல ஓரத்தில் குந்தியிருந்தேன். பிறகு மற்ற விதியில் விளையாடினேன். அதில் எல்லாம் செய்ய முடிந்தது. அன்ரனைச் சுலபமாக அடித்தேன். ஆனால் நான் விளையாடியவன் ஷாமன் இல்லை. சேறு பூசிய ஒரு குருவானவர், அவ்வளவே. முன்னதில் அவனை மனிதனுக்குக் கீழே வைத்திருந்தார்கள். பின்னதில் நம்மைப்போல ஆக்கிவிட்டார்கள். இரண்டிலும் அவன் யார் என்று எனக்குத் தெரிய வரவில்லை.

"தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டா என்ன?" என்று நான்தான் சொன்னேன். நீ தலை குனிந்தாய். அடுத்த நாள் காலையில் உன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டினாய். அன்றைய காற்றில் நீ பேசினது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

கஜனுடைய வீட்டு முற்றத்தில் அவன் உழவு மெசினைக் கழற்றிப் போட்டுக் கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழும்பினான், பிறகு என்ன நினைத்தானோ, திரும்பவும் குந்திவிட்டான். அவனுடைய அப்பா வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்து, "வாங்கோ நானா, வாங்கோ தம்பி, இருங்கோ" என்று பிளாஸ்டிக் கதிரை இரண்டைத் துடைத்துப் போட்டார். மெலிந்த மனிதர். முன்னே ஒரு பல் இல்லை. நான் எதிர்பார்த்த ஆள் அவர் இல்லை. எப்படிப்பட்ட ஆளை எதிர்பார்த்தேன் என்று கேட்டால் அதுவும் தெரியாது. மழை, நெல், குளத்துத் தண்ணீர் எல்லாம் கதைத்து முடிந்தது. நீ வாயே திறக்கவில்லை. நான் ஆட்டத்தைப் பற்றி, சேற்றுச் சனத்தைப் பற்றி, ஷாமனைப் பற்றி அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. மூக்கால் சிரித்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்கட மார்க்கத்தில இது இல்ல. ஆனா அறிய விருப்பமாக் கிடக்கு. கலை எப்ப வரும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இதை ஆரும் என்னட்ட இப்பிடிக் கேட்டதில்ல நானா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "தெரியாது. உடுக்கு அடிப்பினம். சனம் சுத்தி நிக்கும். கால் பெருவிரல்ல ஒரு குளிர் தொடங்கும். அது மேல ஏறினா வரும். வந்தா நான் என்ன சொன்னனான் எண்டு எனக்குத் தெரியாது, சனம் சொல்லித்தான் அறியிறது. ரெண்டு நாளைக்கு எழும்ப ஏலாது, அடிச்சுப் போட்டமாதிரிக் கிடக்கும். சில வருசம் குளிர் முழங்காலோட நிண்டிடும்."

"நிண்டா?"

கேட்டது நான் இல்லை. மெசினடியில் இருந்து கஜன். கையில் ஆணி கழற்றும் சாவி, முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நிண்டா வரேல்ல எண்டு சொல்லுவன்" என்றார் அப்பா. "நடிக்கிறேல்ல. போன வருசமும் வரேல்ல. அதுக்கு முந்தின வருசமும் வரேல்ல."

கஜன் எழும்பி வந்தான். "ரெண்டு வருசமா வரேல்லயோ? எனக்கு ஏனப்பா சொல்லேல்ல?"

"நீ அண்டைக்கு வீட்டில நிக்கிறேல்லத்தானே மகன்."

குத்திக்காட்டவில்லை அவர். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லுவதுபோலச் சொன்னார். பொங்கல் நாள் வந்தாலே கஜன் மன்னாருக்குப் பஸ் எடுத்துவிடுவான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் முன்னறைக்குத்தான் வந்திருக்கிறான். அவன் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வராட்டில், சனம் ஒண்டும் சொல்லாதோ?" என்று மெல்லக் கேட்டான். "என்ன சொல்றது? கொஞ்ச நேரம் நிப்பினம். பிறகு வீட்ட போவினம். கோயில் கிழவர் ஒராள் கத்தினவர்தான். கத்தட்டும்." இரண்டு வருடம் அந்த மனிதர் ஊருக்கு முன்னால் வெறும் ஆளாக நின்றிருக்கிறார். அது மகனுக்குத் தெரியாது. மகன் பாடசாலையில் பட்டது அவருக்குத் தெரியுமோ என்னவோ. நான் கேட்கவில்லை.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "மச்சான், அண்டைக்கு நான் ஆடினது..." என்றாய். "விடடா" என்றான் கஜன். "இல்ல, விட ஏலாது. பிழை." அவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். எண்ணெய் போகவில்லை. "உனக்குத் தெரியாதுதானே. தெரிஞ்சிருந்தா நீ ஆடியிருக்க மாட்டாய். நான் சொல்லியிருக்கோணும். சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. வெக்கப்படுறன் எண்டு நினைக்க இன்னும் வெக்கமாக் கிடந்தது." அவனுடைய அப்பா எழும்பித் தேத்தண்ணி பார்க்கப் போய்விட்டார். போகவேண்டிய நேரத்தில் போகத் தெரிந்த மனிதர்.

அந்த முற்றத்தில், நெல்லுச் சாக்கின் மேல் பகடையை உருட்டி உருட்டி நீங்கள் இருவரும் உண்டாக்கின விதியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஷாமனுடைய கையில் சொந்த மந்திரம் ஒன்றும் இல்லை. அவன் அழைக்கும்போது அவனைச் சுற்றி அவனுடைய சனத்தில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை ஆறுமுகப் பகடை உருட்டவேண்டும். ஒன்றிலாவது ஆறு விழுந்தால் வரும். விழாவிட்டால் வராது, வரவில்லை என்று அவன் சொல்லவேண்டும், பொய் சொல்லக் கூடாது. வந்தால், என்ன வருவது என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. அவனுடைய சனம் எதைக் கேட்கிறதோ அதுதான் வரும். வந்துபோன பிறகு அவனால் எழும்ப முடியாது. கூரை இல்லை. பிறகு இதைக் கேட்ட அன்ரன், "அப்ப நூறு பேர் நிண்டா?" என்று பதறினான். "நூறு பேர் நிக்கிற இடத்துக்கு நீ ஏன் வாளோட போறாய்?" என்றான் கஜன்.

நீ போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ உள்ளே இருந்து விளையாடினாய், நான் நடுவர் கதிரையில் இருந்தேன், அதனால் நான் கண்டதையும் கேள். குடிசைகளில் காய்ச்சல் பரவியிருக்கிறது என்று கதையைத் தொடங்கி, தீர்ப்பை என்னிடம் தந்துவிட்டு நீ சேற்றுச் சனத்தின் தலைவனாக மட்டும் இருந்தாய். கஜன் தன் வில்லாளியை அன்ரனிடம் கொடுத்துவிட்டு, ஷாமனைத் தான் எடுப்பதாகச் சொன்னான். அவன் எழும்பவில்லை, ஆடவில்லை. கதிரையில் நேராக இருந்து, பகடைகளை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, கண்ணை மூடினான். உருட்டினான். ஒரு ஆறும் இல்லை. "வரேல்ல" என்றான். அவன் குரல் உடைந்ததை நான் கேட்டேன். நீயும் கேட்டிருப்பாய். "வாப்பா, ஷாமன் வேற ஏதும் செய்யலாமோ?" என்று என்னைப் பார்த்தாய். "ஏலாது. சொல்லியாச்சு. இனி அன்ரன்ட முறை" என்றேன். மைதானத்தில் தந்த தீர்ப்பு ஒன்றும் எனக்கு இவ்வளவு கசந்ததில்லை.

அன்ரன் இரண்டு பேரை வெட்டினான். அவன் வேலை அது. அப்போது உன் உம்மா கதவடியில் இருந்து, "அந்தக் குடிசையளுக்க காய்ச்சலாக் கிடக்கிற ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டுங்கோவன்" என்றாள். நீ அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குடிசைகளில் இருந்த எல்லோரையும் வெளியே கொண்டுவந்தாய். நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களைத் தூக்கினார்கள். கஜனுக்குப் பகடைகள் கைக்குள் அடங்கவில்லை, உன் உம்மா சோற்றுக் கோப்பை ஒன்று எடுத்துக் கொடுத்தாள். உருட்டினான். ஒன்றல்ல, பல ஆறுகள் மேசை முழுக்கக் கிடந்தன. நீ "நெருப்பு" என்று வாயெடுத்தாய். கஜன் கையைக் காட்டி உன்னை நிறுத்திவிட்டு, "சனம் என்ன கேக்குது?" என்று உம்மாவைப் பார்த்துக் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. "காய்ச்சல் மாறட்டும்" என்றாள்.

காய்ச்சல் மாறியது. அவ்வளவுதான். அன்ரனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஓங்கின வாளோடு, எழும்பி உட்கார்ந்து தண்ணீர் கேட்கிற ஆட்களுக்கு நடுவில் நின்றான். "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ?" என்று என்னைக் கேட்டான். "உமக்கு ஒண்டும் இல்ல" என்றேன். அவன் பகடையை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். "இதுக்குள்ள நான் ஆரை வெட்டுறது?" என்று கோபமாகச் சொன்னான். பிறகு, "சரி, வாளை உறையில போட்டிட்டன். தோணி எங்க எண்டு கேக்கிறன்" என்றான். ஷாமன் பதில் சொல்லவில்லை, விதிப்படி அவன் விழுந்து கிடந்தான். மேசையில் தலையை வைத்துக் கிடந்த கஜனுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அன்ரன் நினைத்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த விதியை அப்படியே அங்கே கொண்டுபோய் வை என்று நான் சொல்ல மாட்டேன். அது இந்த மேசையில், இந்த ஆட்களுக்குள் பிறந்தது. புத்தகத்து விதியும் பாவம் அல்ல, அவசரமான ஆட்டத்துக்கு அது போதும். எனக்கு நெருடுவது வேறொன்று. அந்த நேபாளத்துப் பையன் ஒன்றும் பேசவில்லை என்றாய். ஏன் பேசவில்லை என்று கேட்டாயா? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், நித்திரை மயக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, எல்லாருக்கும் முன்னால் அல்ல, தனியாக, உங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டுப் பார். அவன் சிரித்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்கு என்றாலும் சரி. கேட்ட பிறகு விதியை வை. கேட்பதற்கு முதல் ஷாமனை நடித்துக் காட்டாதே. நான் நடுவராய் இருந்த காலம் முழுக்க விதி தெரிந்தால் போதும் என்று நினைத்தவன். ஆளைத் தெரியாமல் விதியைத் தெரிந்தெடுக்க முடியாது என்பதை இந்த வயதில், உங்கள் மேசையில்தான் கண்டேன்.

இனி, நீ போன பிறகு நடந்தது. வைரவர் கோவில் பொங்கல் போன மாதம் முடிந்தது. அதற்கு முதல் கிழமை கஜன் வந்து, "அங்கிள், அண்டைக்கு நான் இங்க வரமாட்டன். நீங்கள் அங்க வாறியளோ?" என்று கேட்டான். எப்படிப் போவது என்று யோசித்தேன். கோவிலுக்குள் நான் போகப் போவதில்லை, அது அவனுக்கும் தெரியும். உன் உம்மா, "றோட்டில நிண்டா ஆர் என்ன சொல்லப் போறாங்க, போயிட்டு வாங்க" என்றாள். அன்ரனுடைய வண்டியில் போனோம். கோவிலுக்கு எதிரே குளக்கட்டுப் பாதையில், மருத மரத்துக்குக் கீழே நின்றோம். சனம் நிறைய. பொங்கற் பானைகளில் இருந்து புகை. உடுக்குச் சத்தம் தொடங்கியது. தலைகளுக்கு மேலால் கஜனுடைய அப்பாவின் கை ஒன்று மட்டும் இடைக்கிடை தெரிந்தது. கஜன் எங்கே என்று தேடினேன். முன்வரிசையில், அவருக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கக்கூடிய இடத்தில் நின்றான். கொஞ்சத் தூரத்தில் சில இளம் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கஜன் அவர்களைக் கண்டான். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

உடுக்கு நெடுநேரம் அடித்தது. பிறகு நின்றது. சனம் கலைந்து பானைகளுக்குத் திரும்பியது. என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. கஜன் பாதையைக் கடந்து எங்களிடம் வந்தான். பொங்கல் கொண்டுவரவில்லை, சாமிக்குப் படைத்தது எனக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். "வந்ததோ மச்சான்?" என்று அன்ரன் கேட்டான். ஒரு காலத்தில் கூரை கேட்ட அதே அன்ரன், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இல்ல. ஆனா இந்த முறை குளிர் இடுப்பு வரைக்கும் வந்ததாம்" என்றான் கஜன். அவன் முகத்தில் இருந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மகன். அவனுடைய அப்பா அங்கே வேலியோரம் ஒரு கல்லில் குந்தி, துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

நான் இளநீரைக் குடித்து முடிக்கும் வரையும் கஜன் பக்கத்திலேயே நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "அவனுக்கு நான் அழுதனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ அங்கிள். இது பொங்கற் புகை" என்றான்.

பொங்கற் புகைதான் மகன். வேறொன்றும் இல்லை.

வாப்பா